பீரியட்ஸ் தள்ளிப் போடற மாத்திரை (நாரெத்திஸ்டிரோன் 5 எம்ஜி): எடுத்துப் பாத்த ரிவியூ

முதல்லயே முடிவ சொல்லிடறேன். மாத்திரை சொன்ன வேலைய செய்யுது. என் தம்பி கல்யாணத்துக்காக எடுத்தேன், பந்தக்கால்ல ஆரம்பிச்சு முகூர்த்தம், ரிசப்ஷன், மறுவீடு, குலதெய்வம் கோயில் பொங்கல் வரைக்கும் ஒரு சொட்டு கூட வரல. ஆனா கடையில போய் ஸ்ட்ரிப் வாங்கி நாமளா முழுங்கற மாத்திரை இல்ல இது. தேதிய மட்டும் தள்ளி வெச்சுட்டு சும்மா இருக்காது, அடுத்த மாசத்து கணக்கையும் சேத்து நகத்திட்டுதான் போகும், சில பேருக்கு எடுக்கவே கூடாத மாத்திரை, இதெல்லாம் தெரிஞ்சுகிட்டு எடுக்கணும்னுதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

நம்ம ஊர் மெடிக்கல்ல போய் பீரியட்ஸ் தள்ளிப் போக மாத்திரைன்னு கேட்டா அநேகமா எடுத்துத் தர்றது நாரெத்திஸ்டிரோன் 5 எம்ஜிதான். பிரிமோலுட் என், ரெஜெஸ்ட்ரோன்னு கம்பெனிக்கு கம்பெனி பேர் மாறும், உள்ள இருக்கற மருந்து ஒண்ணுதான், அதனால நான் எடுத்தது எந்த பிராண்டுன்னு சொல்லல, இந்த ரிவியூ மருந்துக்குத்தான். சின்ன மாத்திரை, முழுங்க கஷ்டமே இல்ல, விலையும் பயப்படற அளவு இல்ல. ஸ்ட்ரிப்ப திருப்பிப் பாத்தீங்கன்னா ஷெட்யூல் ஹெச்னு போட்டிருக்கும், அதாவது டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாத மருந்து. நடைமுறையில யாரும் சீட்டு கேக்கறதில்லங்கறது நம்ம எல்லாருக்கும் தெரியும்.

இன்னொண்ணு, நிறைய பேர் இதையும் ஐ-பில்லையும் போட்டு குழப்பிக்கறாங்க. அது அவசரத்துக்கு கர்ப்பத்த தடுக்க எடுக்கற லெவோநார்ஜெஸ்ட்ரல், பீரியட்ஸ தள்ளிப் போட அது இல்ல. அத எடுத்தா டேட் முன்ன பின்ன போகலாம், ஆனா நமக்கு வேணுங்கற தேதிக்கு போகாது.

நான் ஏன் எடுத்தேன்னா, எனக்கு மொத ரெண்டு நாள் வலியும் ஃப்ளோவும் ரொம்ப ஜாஸ்தி, படுத்தே கிடக்கணும். தம்பி கல்யாணத்துல நாத்தனார் முடிச்சு போட வேண்டியது நான். மாலை எடுத்துக் குடுக்கறது, விளக்கு பிடிக்கறது எல்லாம் நான்தான். எங்க வீட்டு பெரியவங்களுக்கு தூரம்னா மணமேடை பக்கமே வரக்கூடாது, அது சரியா தப்பான்னு அவங்களோட வாதாட எனக்கு அந்த நேரத்துல தெம்பு இல்ல. மேல்மருவத்தூர்ல பீரியட்ஸ் நாள்லயும் பொண்ணுங்க கோயிலுக்கு உள்ள போலாம், அந்த மாதிரி எல்லா இடத்துலயும் வந்துட்டா இந்த மாத்திரைல பாதி விக்காதுன்னு நான் மனசார நம்பறேன். ஆனா காரணம் அது மட்டும் இல்ல. ஹஜ், உம்ரா போறவங்க தவாஃப் (காபாவ சுத்தி வர்றது) செய்ய முடியாம போயிடக்கூடாதுன்னு எடுக்கறாங்க, நீச்சல் போட்டி, பப்ளிக் எக்ஸாம், நீண்ட பயணம்னு எடுக்கறவங்க இருக்காங்க. யாரும் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்ல, உங்க உடம்பு, உங்க விருப்பம்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு டாக்டர் ஒரு பேப்பர்ல படம் போட்டு காட்டினாங்க, அத என் பாஷைல சொல்றேன். கருமுட்டை வெளிய வந்ததுக்கு அப்புறம் ஓவரி புரொஜெஸ்டிரோன்னு ஒரு ஹார்மோன் சுரக்குது. கர்ப்பப்பைக்குள்ள வளந்து நிக்கற சவ்வு ஒரு பந்தல்னா, அத தாங்கற கால் இந்த புரொஜெஸ்டிரோன். கரு தங்கலன்னா சுமார் ரெண்டு வாரத்துல அந்த ஹார்மோன் தானா இறங்கிடும், தாங்க ஆள் இல்லாம சவ்வு உதிரும், அதுதான் பீரியட்ஸ். நாரெத்திஸ்டிரோன் அதே புரொஜெஸ்டிரோன் வேலைய வெளிய இருந்து செய்யற செயற்கை மருந்து, மாத்திரை உள்ள போயிட்டே இருக்கற வரைக்கும் சவ்வு உதிராது, நிறுத்தினதும் உதிர ஆரம்பிச்சிடும். அவ்ளோதான் விஷயம். இத புரிஞ்சுகிட்டா பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கறவங்களுக்கு பீரியட்ஸ் வர வைக்கறதுக்கும் இதே மாத்திரைய சில நாள் குடுத்து நிறுத்தறாங்களே அது ஏன்னும் புரிஞ்சிடும். தள்ளிப் போடறதும் வர வைக்கறதும் ஒரே மருந்து, எப்ப ஆரம்பிக்கறோம் எப்ப நிறுத்தறோம்ங்கறதுலதான் வித்தியாசம்.

ரொம்ப பழைய மருந்துங்க இது. 1951ல மெக்சிகோ சிட்டியில சின்டெக்ஸ்னு ஒரு கம்பெனி லேப்ல லூயிஸ் மிராமொன்டெஸ்னு ஒரு மாணவர், கார்ல் ஜெராசி, ஜார்ஜ் ரோசன்கிரான்ஸ் ரெண்டு பேர் மேற்பார்வையில மொத மொதல்ல இத தயாரிச்சாரு. அந்த லேப்ல இந்த மாதிரி ஹார்மோன் எல்லாம் செய்ய மூலப்பொருளா இருந்தது அங்க காட்டுல விளையற ஒரு வகை வள்ளிக்கிழங்கு. உலகத்துலயே மொத தலைமுறை கருத்தடை மாத்திரைகள் சிலதுல இருந்ததும் இதே மருந்துதான். இவ்ளோ வருஷமா புழக்கத்துல இருக்கறதால என்ன செய்யும் என்ன செய்யாதுன்னு டாக்டருங்களுக்கு நல்லாவே தெரியும், அதனாலதான் அவங்ககிட்ட போங்கன்னு சொல்றேன்.

டாக்டர்கிட்ட போனது வீண் செலவுன்னு வீட்டுல சொன்னாங்க. எனக்கு அதுதான் இந்த மொத்த விஷயத்துலயும் உருப்படியான பகுதி. கேட்ட கேள்விய எல்லாம் சொல்றேன், கடையில ஒருத்தரும் கேக்காத கேள்வி. கடைசியா எப்ப வந்துச்சு, எத்தன நாளுக்கு ஒரு தடவ வருது, ரெகுலரா இல்ல முன்ன பின்ன போகுமா. கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்கா, இருந்தா மொதல்ல யூரின் டெஸ்ட். குழந்தைக்கு பால் குடுக்கறீங்களா. உங்களுக்கோ அம்மா அப்பா கூடப்பிறந்தவங்களுக்கோ கால்லயோ நுரையீரல்லயோ ரத்தம் கட்டினதுண்டா. ஸ்ட்ரோக், ஹார்ட் அட்டாக் உண்டா. தலைவலி வர்றதுக்கு முன்னாடி கண்ணுல மின்னல் அடிக்கற மாதிரி தெரியுமா. லிவர் பிரச்சனை இருக்கா, கர்ப்பமா இருந்தப்ப மஞ்சள்காமாலையோ உடம்பெல்லாம் அரிப்போ வந்துச்சா. மார்பகப் புற்றுநோய் யாருக்காவது இருந்துச்சா. நடுவுல நடுவுல காரணம் தெரியாம ரத்தம் படுதா. வலிப்பு மாத்திரையோ டிபி மாத்திரையோ எடுக்கறீங்களா. அப்புறம் பிபி பாத்தாங்க, எடை பாத்தாங்க.

ஏன் ரத்தக்கட்டு பத்தி இவ்ளோ கேள்வின்னா, இந்த மருந்து உடம்புக்குள்ள போனதும் அதுல ஒரு சின்ன பங்கு எத்தினைல் ஈஸ்ட்ராடியாலா மாறுது, ரெண்டு ஹார்மோன் சேந்த கம்பைன்டு கருத்தடை மாத்திரைகள்ல இருக்கற அதே ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன், அதுதான் ரத்தம் கட்டற வாய்ப்ப கூட்டறது. தள்ளிப் போட எடுக்கற அளவு ஒரு நாளைக்கு 15 எம்ஜி, அந்த அளவுல எடுத்தா சாதாரண கம்பைன்டு பில் எடுத்த மாதிரிதான் கணக்கு. ஆரோக்கியமா இருக்கற பெரும்பாலானவங்களுக்கு சில நாள் எடுத்தா ஒண்ணும் ஆகறதில்ல, ஆனா ஏற்கனவே ரத்தம் கட்டற தன்மை இருக்கறவங்க, ரொம்ப எடை கூட இருக்கறவங்க, சிகரெட் பிடிக்கறவங்க, சமீபத்துல பெரிய ஆபரேஷன் ஆனவங்களுக்கு ஆபத்து கூடுது. அந்த மாதிரி இருந்தா டாக்டர் மெட்ராக்ஸி புரொஜெஸ்டிரோன் மாதிரி வேற மருந்து யோசிப்பாங்க, அது ஈஸ்ட்ரோஜனா மாறறதில்ல. இல்ல வேண்டவே வேண்டாம்னு சொல்லிடுவாங்க, சொன்னா கேட்டுக்கணும். ஏற்கனவே கருத்தடை மாத்திரை எடுத்துட்டு இருக்கறவங்களுக்கு தனியா இது தேவையே இல்லாமலும் போகலாம், கம்பைன்டு பில்லா இருந்தா கேப் விடாம அடுத்த பாக்கெட்ட தொடர்ந்தாலே போதும்னு சொல்வாங்க, அதையும் கேட்டுட்டு செய்ங்க.

எனக்கு எழுதிக் குடுத்தது ஒரு நாளைக்கு 3 வேளை 1 மாத்திரை, டேட்டுக்கு 3 நாள் முன்னாடியே ஆரம்பிக்கணும். இந்த 3 நாள் முன்னாடிங்கறதுதான் உயிர்நாடி. அநேகம் பேருக்கு மாத்திரை வேலை செய்யலன்னா அதுக்கு காரணம் லேட்டா ஆரம்பிச்சதுதான். வர்ற மாதிரி வயிறு இழுத்துப் பிடிக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறமோ லேசா பட்டதுக்கு அப்புறமோ எடுத்தா நிக்காது. அதே மாதிரி வேளை தவறக்கூடாது, 8 மணி நேர இடைவெளி வர்ற மாதிரி பாத்துக்கணும். எங்களுக்கு முகூர்த்தம் விடியற்காலை, அதனால காலைல 5, மதியம் 1, ராத்திரி 9னு வெச்சுகிட்டேன், அஞ்சு மணிக்கு எப்படியும் மேக்கப் போட எழுப்பிடுவாங்க. மண்டபத்துல மதிய வேளைதான் மறக்கற வேளை, பந்தி, மொய், போட்டோன்னு ஓடிட்டு இருப்போம், சேஃப்டி பின் வெச்சிருந்த சின்ன பவுச்லயே ஸ்ட்ரிப்பையும் போட்டு இடுப்புலயே வெச்சுக்கிட்டேன், போன்ல அலாரம். ஒரு வேளை விட்டுப் போச்சுன்னா ஞாபகம் வந்ததும் போட்டுக்கலாம், அடுத்த வேளைக்கு நேரம் நெருங்கிடுச்சுன்னா விட்டுடணும், ரெண்டா சேத்து போடக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க.

சைடு எஃபெக்ட்னு பாத்தா ஆரம்பத்துல ஒண்ணுமே தெரியல. அப்புறம் வயிறு உப்புசம், சாப்பிட்டது செரிக்காத மாதிரியே ஒரு கனம். மார்பு ரெண்டும் வீங்கி தொட்டாலே வலி. இதுல நான் எதிர்பாக்காத பிரச்சனை பிளவுஸ். பட்டுப் பிளவுஸ் அளவெடுத்து தைச்சது, ட்ரையல் பாத்தப்ப கச்சிதமா இருந்துச்சு, முகூர்த்தத்தன்னிக்கு காலைல மேல் கொக்கி மாட்டவே முடியல, என் சித்தி சைடு தையல பிரிச்சு விட்டாங்க. நல்ல வேளையா டெய்லர் உள்ள துணி விட்டு வெச்சிருந்தாரு. இந்த மாத்திரை எடுக்கப் போறவங்க பிளவுஸ் தைக்கக் குடுக்கும்போதே உள்ள ஒரு தையல் அளவு துணி விடச் சொல்லுங்க, இத எந்த டாக்டரும் சொல்ல மாட்டாங்க. கூடவே லேசா தலைவலி, சட்டுன்னு கோவம் வந்துச்சு, யாராவது ரெண்டு தடவ கூப்பிட்டா அழுகையே வந்துடும் போல இருந்துச்சு. எல்லாருக்கும் இப்படியே இருக்காது, என் ஃப்ரெண்டுக்கு எதுவுமே தெரியலையாம், இன்னொருத்திக்கு குமட்டல்.

சித்தி பொண்ணு ஒருத்தி இருக்கா, அவ புது வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு எடுத்த கதைய சொல்லியே ஆகணும். அவங்க ஏரியா மெடிக்கல்ல கேட்டா, எத்தன வேணும்ங்கற ஒரே கேள்விதான். பேப்பர்ல சுத்தி கருப்பு கவர்ல போட்டு குடுத்துட்டாங்க, எப்ப ஆரம்பிக்கணும், ஒரு நாளைக்கு எத்தனன்னு சொல்லல. அவளுக்கு பிசிஓடி, டேட்டே நிச்சயம் இல்ல, குத்துமதிப்பா ஒரு நாள்ல ஆரம்பிச்சு ராத்திரி ஒண்ணே ஒண்ணு போட்டிருக்கா. கணபதி ஹோமத்துக்கு உக்காந்தப்ப ஸ்பாட்டிங் ஆரம்பிச்சிடுச்சு, யார்கிட்டயும் சொல்ல முடியாம முழு பூஜையும் பயந்துட்டே உக்காந்திருந்தேன்னு என்கிட்ட அழுதா. மாத்திரை மேல தப்பு இல்ல, அவ மேலயும் தப்பு இல்ல, விக்கறவங்க ரெண்டு வார்த்தை கேட்டிருந்தா இது நடந்திருக்காது. டேட் ஒழுங்கா வராதவங்களுக்கு 3 நாள் முன்னாடிங்கற கணக்கே செல்லாது. அவங்க விசேஷத்துக்கு ஒரு ரெண்டு மாசம் முன்னாடியே டாக்டர பாத்துட்டா, முன்னாடியே வர வெச்சு முடிச்சுடற மாதிரி திட்டம் போட்டுக் குடுப்பாங்க. எனக்கு கேட்டா, நேரம் இருந்தா ரெகுலரா வர்றவங்களும் இத கேட்டுப் பாக்கலாம், விசேஷத்தன்னிக்கு உடம்புல மாத்திரை ஓடாம இருக்கும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன், நிறுத்தினதுக்கு அப்புறம் என்ன ஆகும். பொதுவா கடைசி மாத்திரை போட்டு 2, 3 நாள்ல வந்துடும், எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. வழக்கத்த விட கூடுதலா போச்சு, மொத நாள் வலியும் அதிகம். ஊருக்கு திரும்பற நாள் பஸ்ல இருப்பீங்கன்னா அதுக்கு தயாரா இருங்க, நாப்கின், வலி மாத்திரை, கூட ஒரு மாத்துத்துணி கையிலயே வெச்சுக்கோங்க. சில பேருக்கு கம்மியாவும் வரும்.

அடுத்த மாசம் எப்ப வரும்ங்கறதுதான் எல்லாரும் கேக்கற கேள்வி. ஒரு கணக்கு போட்டு காட்டறேன். உங்களுக்கு 28 நாள் சைக்கிள், ஜூன் 10 டேட்டுன்னு வெச்சுக்கோங்க. ஜூன் 7 ஆரம்பிக்கறீங்க, விசேஷம் எல்லாம் முடிஞ்சு ஜூன் 17 கடைசி மாத்திரை. ஜூன் 19 இல்ல 20 வரும். அந்த நாள்தான் உங்களுக்கு இனிமே நாள் 1. அதுல இருந்து 28 எண்ணினா ஜூலை 17, 18. மாத்திரை எடுக்காம இருந்திருந்தா ஜூலை 8 வந்திருக்கும். ஆக பழைய தேதிக்கு திரும்பாது, புது தேதியில இருந்து வண்டி ஓடும். பல பேர் ஜூலை 8 தாண்டினதும் வரலையேன்னு பயந்து போய் மறுபடி மாத்திரை தேடறாங்க, அது தேவையே இல்ல. போன் ஆப்ல குறிச்சு வைக்கறவங்க அந்த ரத்தப்போக்கு ஆரம்பிச்ச நாள புது பீரியட்ஸா போட்டுடுங்க, இல்லன்னா அது தினமும் லேட்டுன்னு காட்டி நம்மள பதற வைக்கும். அந்த ஒரு சைக்கிள் மட்டும் சில பேருக்கு சில நாள் முன்ன பின்ன ஆகலாம், அப்புறம் தானா ஒழுங்குக்கு வந்துடும். எனக்கு அடுத்தது கொஞ்சம் தள்ளி வந்துச்சு, அதுக்கப்புறம் பழைய மாதிரியே.

குழந்தைக்கு முயற்சி பண்றவங்களுக்கும் இதே கணக்குதான், முட்டை வெளிய வர்ற நாளும் சேந்து நகந்திருக்கும், பழைய காலண்டர வெச்சு எண்ணாதீங்க. மாத்திரை நிறுத்தி ஒரு வாரம் பத்து நாள் ஆகியும் வரலன்னா கர்ப்ப டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு டாக்டர பாருங்க.

கல்யாணப் பொண்ணுங்க இத ரெண்டு தடவ படிங்க. முகூர்த்தத்துக்காக இந்த மாத்திரை எடுத்திருக்கோம், அதனால கர்ப்பம் ஆகாதுன்னு நினைச்சுக்காதீங்க. தள்ளிப் போடறதுக்கு இப்படி எடுக்கறது கருத்தடை கிடையாது, குழந்தைய கொஞ்ச நாள் கழிச்சுதான்னு நினைச்சா அதுக்கு வேற ஏற்பாடு வேணும். மாத்திரையோடயே ஹனிமூன் போறவங்க நிறைய பேர், அவங்ககிட்ட இத யாரும் எடுத்து சொல்றதே இல்ல.

எங்க அத்தைக்கு ஒரு கவலை, கெட்ட ரத்தம் உள்ளயே தங்கிடும்னு. அப்படி எதுவும் தங்காது, சவ்வு உதிர்ந்தாதான் ரத்தம், உதிராத வரைக்கும் அங்க தேங்க ஒண்ணும் இல்ல. பின்னாடி குழந்தை பிறக்காதுன்னு ஒரு பயமும் இருக்கு, எப்பவாவது சில நாள் எடுக்கறதால அப்படி ஆகறதில்ல. ஆனா அதுக்காக ஆடிக்கு ஒண்ணு, கார்த்திகைக்கு ஒண்ணு, மாசி மகத்துக்கு ஒண்ணுன்னு எடுத்துட்டே இருந்தா சைக்கிள் குழம்பும், நடுவுல நடுவுல ரத்தம் படும், நமக்கே நம்ம டேட் தெரியாம போயிடும். பொட்டுக்கடலை சாப்பிட்டா தள்ளிப் போகும், எலுமிச்சை குடிச்சா தள்ளிப் போகும்னு சொல்றத நம்பி விசேஷத்துக்கு போகாதீங்க, அது ஹார்மோன் விஷயம், கடலையால ஆகாது. சில பேருக்கு வேலை செஞ்சதுன்னு சொல்றாங்கன்னா அவங்களுக்கு அந்த மாசம் தானாவே தள்ளிப் போயிருக்கும்.

ஸ்கூல் படிக்கற பொண்ணுங்களுக்கு அம்மாக்களே வாங்கி குடுக்கறத பாக்கறேன், எனக்கு அது ரொம்ப வருத்தம். அந்த வயசுல சைக்கிளே இன்னும் ஒழுங்குக்கு வந்திருக்காது. எக்ஸாமுக்கு வலிதான் பிரச்சனைன்னா வலிக்கு டாக்டர்கிட்ட வழி இருக்கு, அத மொதல்ல கேளுங்க.

எடுக்கும்போது ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால்ல வலிச்சா, மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா, இதுவரைக்கும் வராத மாதிரி தலைவலி வந்தா, பார்வை மங்கினா, கண்ணு மஞ்சளானா, மாத்திரைய அப்படியே நிறுத்திட்டு உடனே ஆஸ்பத்திரி. விசேஷம் முடியட்டும்னு உக்காரக்கூடாது. காசி, ராமேஸ்வரம்னு நீண்ட பயணம் போறவங்க மணிக்கணக்கா ஒரே இடத்துல உக்காராம எழுந்து நடங்க, தண்ணி குடிங்க.

ரேட்டிங் கேட்டா மருந்துக்கு 5க்கு 4 குடுப்பேன், உப்புசத்துக்கும் அந்த மொத நாள் வலிக்கும் ஒண்ணு கழிச்சுட்டேன். நம்ம ஊர்ல இத விக்கற விதத்துக்கு 1 குடுக்கறதே ஜாஸ்தி. திரும்ப எடுப்பியான்னு கேட்டா, இந்த மாதிரி ஒரு பெரிய விசேஷம்னா எடுப்பேன், டாக்டர பாத்துட்டுதான். நண்பர்கள் வீட்டு வளைகாப்புக்கும் காதுகுத்துக்கும் எடுக்க மாட்டேன்.

கடைசியா ஒண்ணு. எனக்கு ஸ்ட்ரிப்ல சில மாத்திரை மிச்சம் இருந்துச்சு. மண்டபத்துலயே ஒரு பெரியம்மா, அடுத்த வாரம் எங்க ஊர் திருவிழா, காப்பு கட்டியாச்சு, மருமகளுக்கு அத குடேன்னு கேட்டாங்க. மருமகளுக்கு கைக்குழந்தை, பால் குடுத்துட்டு இருக்கா. குடுக்க முடியாது பெரியம்மா, அவளுக்கு ஒத்துக்குமான்னு எனக்கு தெரியாதுன்னு சொல்லிட்டு நான் பாத்த டாக்டர் நம்பர அந்த பொண்ணு போனுக்கே அனுப்பி விட்டேன். பெரியம்மாவுக்கு கொஞ்சம் மனத்தாங்கல்தான், பரவாயில்ல. உங்ககிட்டயும் இப்படி யாராவது கேப்பாங்க, கண்டிப்பா கேப்பாங்க, குடுக்காதீங்க.